இரண்டு குண்டான் பருப்பு

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் கொடுக்க மாட்டோம். வீட்டில் இருப்பவர்கள் எதைக் குடித்தாலும் சரி, வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்டால் கேனைத்தான் சாய்ப்போம். கேன் காலியாக இருந்தால் பக்கத்து வீட்டில் ஒரு சொம்பு வாங்கி வந்தாவது கொடுப்போம். பாலாற்று ஓரத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வந்து நிலத்தடித் தண்ணீர் உப்பாகிப் போன ஊர்களில், "எங்க வூட்டுத் தண்ணி குடிங்க" என்று சொல்லவே ஒரு கூச்சம் வந்துவிட்டது. ஆம்பூரிலிருந்து வேலூர் வரைக்கும் இதுதான் மரியாதை.

இந்த மரியாதையில்தான் தோட்டத்து அக்காவுக்கு வம்பு ஆரம்பித்தது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். நாள் முழுக்க ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். தையல் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ரிஜெக்ட். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். கீரை விற்கிற அம்மாவிடம் எந்த ஊர்க் கீரை, எந்தக் கிணறு, பக்கத்தில் தோல் டேனரி இருக்கிறதா என்று நான் குடைவதைப் பார்த்து என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அவர் அடித்துக்கொள்ளட்டும். என் அப்பாவின் நிலம் உப்பேறி, இளநீர்கூட கரித்து, கடைசியில் வேலிக்காத்தான் முளைத்துப் போனதை நான் கண்ணால் பார்த்தவள். அந்த நிலத்தைக் கெடுத்த தோலில் தைத்த ஷூவைத்தான் இன்று செக் பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மாதம் பிறந்தால் வாடகை, பெண்ணுக்குப் பால்.

பெண் பிறந்து சோறு பிசைந்து ஊட்டும் வயது வந்ததும் என் பயம் அதிகமாகிவிட்டது. அப்போதுதான் கம்பெனியில் ஒருத்தி, பள்ளிகொண்டாவைத் தாண்டி உள்ளே போனால் ஒரு அக்கா தோட்டம் வைத்திருக்கிறாள், மருந்து அடிக்காமல் காய் போடுகிறாள், ஒரு விதைப்புப் பட்டத்துக்கான பணத்தை முன்னாலேயே கட்டிச் சேர்ந்துவிட்டால் வாரா வாரம் கூடை கொடுக்கிறாள் என்று சொன்னாள். பொங்கல் முடிந்து நானும் எங்கள் லைன் சூப்பர்வைசரும் போய்ப் பார்த்தோம். சூப்பர்வைசர் என்னைவிடப் பத்து வயது பெரியவர். லைனில் எல்லாருக்கும் அவர் மேடம்தான், எனக்கும்.

தோட்டத்து அக்கா பேச்சைச் சுற்றி வளைக்கவில்லை.

"வெளஞ்சா நெறய வரும். மழ கெடுத்துட்டா, பூச்சி தின்னுட்டா கம்மியாத்தான் வரும். அன்னைக்கு எங்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது. லாபத்துலயும் கூட நிக்கணும், நஷ்டத்துலயும் கூட நிக்கணும். முடியும்னா சேருங்க" என்றாள்.

எனக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. மோட்டார் கொட்டகைக்குப் போய்க் குழாய்த் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். லேசாகக் கரித்தது, அவ்வளவுதான். இந்தப் பக்கத்து நாக்குக்கு அது நல்ல தண்ணீர். பிறகு அக்கா எங்களுக்குச் சில்வர் டம்ளரில் கேன் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, பணத்தைக் கட்டிவிட்டு வந்தோம்.

கம்பெனியிலும் எங்கள் தெருவிலும் நானே ஆள் சேர்த்தேன். சனிக்கிழமை ஷிப்ட் விடும்போது அக்காவின் வீட்டுக்காரர் மொபெட்டில் கூடைகளைக் கட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்பார். "கூடைக்காரங்கல்லாம் வாங்க" என்று கூப்பிடுவார். அந்தப் பெயரே எங்களுக்கு நிலைத்துவிட்டது. தண்டுக்கீரை, வெண்டை, கத்திரி, சுரைக்காய். பெண்ணுக்குக் கீரையைக் கடைந்து நெய் விட்டு ஊட்டும்போது எனக்கு இருந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? முதல் தடவையாக ஒரு பொருளைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கினேன்.

அக்காவின் வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ரோட்டோரம் இருந்த பக்கத்து நிலங்கள் எல்லாம் கல் நட்டு ப்ளாட் ஆகிவிட்டன. இவர்கள் நிலத்தையும் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு சனிக்கிழமை கூடையை இறக்கும்போது என்னிடமே சொன்னார்.

"கூடைக்காரங்க இருக்காங்கன்னு சொல்லித்தாம்மா அவ என்னைப் புடிச்சு வெச்சிருக்கா. ஆடிப்பட்டத்துக்கும் நீங்கல்லாம் நின்னா நிலம் நிக்கும். இல்லனா குடுத்துடப் போறேன். எனக்கும் ஒடம்பு முடியல."

"நிப்போம்ணா" என்றேன். எல்லாருக்கும் சேர்த்து நான்தான் சொன்னேன்.

சித்திரை வெயிலில் சூப்பர்வைசரின் பேத்திக்குக் கையெல்லாம் சொறி வந்தது. எங்கள் தெருவில் இன்னொரு வீட்டில் வயிற்றுப்போக்கு. சித்திரையில் இதெல்லாம் எந்த வீட்டில் இல்லை? ஆனால் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மேடம் கேட்டார்.

"அன்னைக்கு அவ நமக்கு இன்னா தண்ணி குடுத்தா?"

"கேன் தண்ணி, மேடம்."

"கெணறு அங்கியே இருக்குது. மோட்டார் ஓடுது. அதுல புடிச்சுக் குடுக்காம எதுக்கு கேனு? அவ தண்ணிய அவளே குடிக்கல. அதுல வெளஞ்சத நம்ம புள்ளைங்க தின்னுதுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வூட்டுக்கு வந்தவங்களுக்கு நீங்க இன்னா தண்ணி குடுக்கறீங்க? போன மாசம் உங்க வூட்டுக்கு வந்தப்ப எனக்கும் கேனுதான் சாய்ச்சீங்க" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசரிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. மேடம் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நான் கீரை விக்கலியே பாப்பா" என்றார்.

அன்று சாயங்காலமே கூடைக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் பேச்சு பற்றிக்கொண்டது. ஆடிக்குப் பணம் கட்டப் போவதில்லை என்று ஒருவர் பின் ஒருவராகப் போட்டார்கள். இரண்டு பேர் அந்த வாரக் கூடையையே வேண்டாம் என்றார்கள். ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காலி பண்ணுகிறார்களே என்று எனக்கு ஆத்திரம். சோதனை செய்து பார்ப்போம் என்று நான்தான் எழுதினேன். தண்ணீர் கெட்டிருந்தால் துவரம்பருப்பு வேகாது. இது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். குக்கரில் வைத்தால் தெரியாது என்பதால் திறந்த குண்டானில், விறகு அடுப்பில், கேன் தண்ணீர் ஒன்றிலும் கிணற்றுத் தண்ணீர் ஒன்றிலும். பருப்பை மேடமே கொண்டுவரட்டும். பழைய பருப்பு, புதுப் பருப்பு என்று யாரும் பேச முடியாது.

அக்காவுக்கு போன் பண்ணிச் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"இதுக்கு எதுக்கும்மா பேஜாரு? வாங்க. வெந்ததும் அதையே சாம்பாரு வெச்சுக் குடுத்துடறேன். சாப்ட்டுப் போலாம்."

அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேர் போனோம். நாங்களே வருவதால் அந்தச் சனிக்கிழமைக் கூடைகளை அனுப்பாமல் அங்கேயே நிரப்பி வைத்திருந்தார்கள். அக்கா வாசலில் செங்கல் வைத்து இரண்டு அடுப்பு மூட்டியிருந்தாள். சாம்பாருக்கு வெங்காயம் உரித்து, கத்திரிக்காய் நறுக்கித் தயாராக வைத்திருந்தாள். மேடம் பருப்பை அளந்து இரண்டு குண்டானிலும் போட்டார். கேன் தண்ணீரை நான் ஊற்றினேன். கிணற்றுத் தண்ணீரை அக்காவின் வீட்டுக்காரர் குழாயில் பிடித்து வந்து ஊற்றினார். யாரும் உட்காரவில்லை. வழக்கமாக இத்தனை பெண்கள் கூடினால் ஊர் ரெண்டாகும். அன்று விறகு வெடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

இரண்டும் நுரைத்துப் பொங்கின. அக்கா நுரையை வழித்துப் போட்டாள். பிறகு இரண்டும் ஒரே மாதிரி கொதித்தன. நான் தைரியமாக மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். அவர் குண்டானை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முதலில் கேன் தண்ணீர்க் குண்டானில் பருப்பு மலர ஆரம்பித்தது. கரண்டியில் எடுத்துப் பார்த்தால் ஓரம் கரைந்து தண்ணீர் மஞ்சளாகத் திரண்டது. பக்கத்துக் குண்டானில் பருப்பு அடியில் கிடந்து உருண்டது. அந்த அடுப்பில் தீ கம்மியாக இருக்கிறது என்று நான் சொன்னேன். அக்கா விறகைத் தள்ளினாள். அதுவும் போதாது என்று குண்டான்களை அடுப்பு மாற்றி வைக்கச் சொன்னேன். மாற்றி வைத்தார்கள். கேன் பருப்பு கூழாகிவிட்டது. கிணற்றுப் பருப்பில் கரண்டி பட்டால் பொடிக்கல் மாதிரி சத்தம் வந்தது. தண்ணீர் சுண்டிவிட்டது, இன்னொரு சொம்பு ஊற்றிப் பாருங்கள் என்றேன். என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. ஊற்றினார்கள். வேகவில்லை.

அக்கா ஒரு பருப்பை எடுத்து விரலில் வைத்து நசுக்கிப் பார்த்தாள். நசுங்கவில்லை. வாயில் போட்டுக் கடித்தாள். அவள் முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்தேன். ஏமாற்றியவள் மாட்டிக்கொண்டால் அப்படி முழிக்க மாட்டாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது.

"போன வருசம் பொங்கலு வரைக்கும் இந்தத் தண்ணிலதான் வேக வெச்சேன். நல்லா வெந்துச்சு" என்றாள்.

"அப்பறம்?" என்றார் மேடம்.

"அப்பறம் இவருக்குக் கிட்னில கல்லுன்னாங்க. ஆஸ்பத்திரில கேன் தண்ணிதான் குடிக்கணும்னு சொல்ட்டாங்க. குடிக்க வாங்கனோம். அப்பறம் சமையலுக்கும் அதையே ஊத்திப் பழகிட்டோம்." தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "வெண்டைல எல ஓரமெல்லாம் காஞ்சிக்கினு வந்துச்சு. வெயிலுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

ஆற்றில் மேலே எந்தத் தொழிற்சாலை, எந்தக் கால்வாய், எப்போதிலிருந்து என்று கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. அங்கே நின்றவர்களில் தோலில் சம்பளம் வாங்காத வீடு ஒன்றுகூட இல்லை. மேடம் மட்டும் அக்காவின் தோளைத் தொட்டு, "உன்னைத் தப்பாப் பேசிட்டேன்மா" என்றார். சொல்லிவிட்டு, கூடை எடுக்காமலே ஷேர் ஆட்டோவில் போய் ஏறினார். மற்றவர்களும் ஏறினார்கள்.

நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லி நின்றுவிட்டேன். நஷ்டத்திலும் கூட நிற்கணும் என்று அவள் சொன்னதற்குத் தலையாட்டித்தானே சேர்ந்தேன்? எல்லாருக்கும் சேர்த்து நிற்போம் என்று வாக்குக் கொடுத்தவளும் நான்தான். என் கூடை வழக்கம்போல் நிரப்பி ஓரமாக இருந்தது. மேலே தண்டுக்கீரைக் கட்டு, பெண்ணுக்காக இளசாகப் பார்த்துப் பறித்தது. கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தேன்.

"ஆடிக்கும் நான் சேர்றேன்க்கா. நான் ஒருத்தியாச்சும் இருக்கேன்" என்றேன்.

அக்கா என் பக்கத்தில் வந்து கூடையின் விளிம்பைப் பிடித்தாள். நான் விடவில்லை. அவளும் விடவில்லை. பிறகு ஒரு கையால் கூடையைப் பிடித்தபடியே மறு கையால் கீரைக் கட்டை எடுத்துத் தரையில் வைத்தாள். வெண்டைக்காயை எடுத்தாள். கத்திரியை எடுத்தாள்.

"உன் புள்ளைக்கு ஊட்றதுக்கா எடுத்துக்கினு போற?" என்றாள். "வேணாம்மா. நானே குடுக்க மாட்டேன்."

காலிக் கூடையை என் கையிலேயே விட்டுவிட்டுத் திரும்பி வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"அந்த ப்ளாட்டுக்காரனுக்கு போனப் போடு."

ஒரு வருடமாக அவள் வாயிலிருந்து கேட்க அவர் காத்திருந்த வார்த்தை அது. அவர் அடுப்புப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் கையை வைத்தார். போனை எடுக்கவில்லை. கிணற்றுப் பருப்பு இருந்த குண்டானில் கரண்டியை விட்டு இன்னொரு தடவை கிளறிப் பார்த்தார்.

"நாளைக்குப் பாத்துக்கலாம் வுடு" என்றார்.

அக்கா அந்த அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் தெளித்து அணைத்தாள்.

"நாளைக்கும் இதே தண்ணிதான்" என்றாள்.