மலை பார்க்காத ஜீப்

கடலூரில் பிறந்தவர்களுக்கு மலை என்றால் ஒன்றுதான், கேப்பர் மலை. ஊருக்கு வெளியே கொஞ்சம் உயர்ந்து நிற்கிற செம்மண் மேடு. வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு மலையா?" என்று கேட்டால் எனக்கு இப்போதும் கோபம் வரும். சிதம்பரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது அங்கேயும் இப்படி ஒரு சொல் இருப்பதைக் கண்டேன். அந்த ஊரில் ஒருவர் "கோயிலுக்குப் போறேன்" என்று சொன்னால் எந்தக் கோயில் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஊருக்கு ஊர் இப்படி ஒரு சொல்லுக்குப் பட்டா போட்டு வைத்திருக்கிறோம். இந்த மலை என்ற சொல்லால் நாங்கள் தப்பான வண்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவர இருந்தோம்.

எனக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் வேலைக்கு ஆர்டர் வந்தது இரண்டாயிரத்து ஐந்தில். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் ஆர்டரில் இருந்த ஊர் கல்வராயன் மலைமேல் இருந்தது. அதைப் படித்ததும் வாழ்த்த வந்தவர்களெல்லாம் துக்கம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த என் அண்ணன், "வேணான்னு எழுதிக் குடுத்துடு. இப்ப வேலைக்குப் போற பிரைவேட் ஆஸ்பத்திரியே போதும்" என்றான். என் வீட்டுக்காரர் மட்டும் வேறு மாதிரி பேசினார். அவருக்குச் சிதம்பரம் கீழச் சன்னதிப் பக்கம் கார் ஸ்டாண்டில் ஒரு அம்பாசிடர் இருந்தது. கோயிலுக்கு வருகிறவர்களைப் பிச்சாவரம், வைத்தீஸ்வரன் கோயில் என்று சுற்றிக் காட்டுவார்.

"காரை வித்துட்டு மலைக்கு ஏத்த வண்டியா ஒண்ணு எடுக்கறேன். இவளும் போவட்டும், நானும் போறேன். அங்க சவாரி கெடைக்காமலா பூடும்?" என்றார். பெண்டாட்டியின் வேலைக்காகத் தொழிலை மாற்றிக்கொள்கிற ஆம்பிளையை எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்கு அவர்மேல் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

தடையாக நின்றவர் என் மாமியார். அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என் மாமனார் லாரி டிரைவர். புவனகிரிப் பக்கம் வாய்க்கால் ஓரமாகக் கரும்பு லோடு ஏற்றிப் போகும்போது லாரி கவிழ்ந்து அங்கேயே இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் 'கவுந்துடுச்சு' என்ற வார்த்தையே கிடையாது. பாத்திரம் கழுவினால்கூட அத்தை 'கவுத்து வை' என்று சொல்லமாட்டார். 'குப்புற வை' என்பார். புதுப்பெண்ணாகப் போன வாரமே ஒரு குண்டானைக் கையில் வைத்துக்கொண்டு, "கவுத்து வைக்கவா அத்தை?" என்று கேட்டுவிட்டு, அவர் முகம் போன போக்கைப் பார்த்து நடுங்கிப்போனேன்.

"வண்டி மலையேறப் போவுதுன்னு பேசாதீங்க. வெளக்குதான் மலையேறும். கேக்கவே நல்லால்ல" என்றார் அத்தை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "போடி. ஒன் படிப்ப நான் கெடுக்கல. ஆனா ஒரு தரம், ஒரே ஒரு தரம் அந்த மாதிரி சேதி வந்துச்சுன்னா, உசுரு தப்பிச்சிருந்தாலும் சரி, வேலைய எழுதிக் குடுத்துட்டுக் கீழ எறங்கிடணும்" என்றார். எந்த மாதிரி சேதி என்று நான் கேட்கவில்லை. சரி என்று அவர் கையில் அடித்துக் கொடுத்தேன். ஆக, வண்டி சாய்ந்தால் என் வேலையும் அதோடு போயிற்று. அப்படித்தான் நாங்கள் வண்டி தேடக் கிளம்பினோம்.

முதலில் மலையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். தார் ரோடு முடிந்ததும் கல்லும் பள்ளமுமாக ஒரு தடம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. ஷேர் ஜீப்பில் ஆட்கள் பின்னாலும் மேலேயும் தொற்றிக்கொண்டு வந்தார்கள். வளைவில் அது சாய்ந்த சாய்வுக்கு நான் கம்பியைப் பிடித்த பிடியில் உள்ளங்கை கன்றிப்போனது. எனக்கு என்ன வேண்டும் என்று அந்த ஒரு பயணத்திலேயே தெளிவாகிவிட்டது.

அண்ணன் பைக் எடுக்கச் சொன்னான். செலவு குறைவு, சந்து பொந்தில் போகும் என்றான். எனக்கு வந்ததே கோபம். தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லில் குதித்துக் குதித்துப் போவதா? நிறைமாதக்காரியை எங்கே உட்கார வைப்பது, ஹேண்டில்பார்மேலா? அதைவிட, மலை முழுக்க அவர் முதுகையே பார்த்துக்கொண்டு போக எனக்கு இஷ்டமில்லை. "பக்கத்துல பக்கத்துல உக்காந்து போற வண்டிதான் வேணும். எனக்கு ரோடு தெரியணும்" என்று சொல்லிவிட்டேன்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜீப் விற்பனைக்கு இருப்பதாக அண்ணன்தான் தகவல் சொன்னான். அன்றைக்கு அவனுக்கு ஷிப்ட். என் வீட்டுக்காரர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, மாலையில் என் பிறந்த வீட்டுக்கு வந்தார். வாய் காதுவரை இருந்தது.

"வண்டின்னா அதான் வண்டி. புது பெயின்ட்டு. டயரு இந்த ஒசரம். புரோக்கரு சொல்றாரு, தெனமும் மலை ஏறி எறங்கின வண்டியாம். நாளைக்கே முடிச்சிடலாம்."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது.

"எந்த மலை மாமா?"

"எந்த மலைன்னா? மலைதான்."

"அவரு எந்த மலைன்னு சொன்னாரு?"

"மலைன்னுதான் சொன்னாரு. ஏன், மலையில எத்தினி மலை இருக்கு?"

வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மச்சான், நீங்க கடலூர்ல நின்னுகிட்டு மலைன்னு கேட்டிருக்கீங்க" என்றான். என் வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிதம்பரத்துக்காரருக்கு எப்படிப் புரியும்?

மறுநாள் நானே போய்ப் புரோக்கரிடம் கேட்டேன். "நம்ம மலைதாம்மா. மேல ஜெயில் பக்கம் குடியிருக்கறவங்களுக்குத் தெனமும் கேஸ் சிலிண்டர் ஏத்திகிட்டுப் போன வண்டி" என்றார். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கடலூரில் நின்று மலை என்று நானும் அதைத்தானே சொல்லுவேன்?

ஆனாலும் எனக்கு ஒரு யோசனை வந்தது. கேப்பர் மலையில் மழைத் தண்ணீர் அறுத்துப் போட்ட செம்மண் பள்ளங்கள் உண்டு. ஒரு சக்கரம் மேட்டில், ஒரு சக்கரம் பள்ளத்தில் என்று நிறுத்த அதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் கிடையாது. வண்டியை அங்கே ஓட்டிக் காட்டச் சொன்னேன். ஒரு சொம்பில் முக்கால் அளவு தண்ணீர் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தேன். புரோக்கர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

முதல் பள்ளத்தில் இறங்கியதுமே தண்ணீர் முழுக்க என் புடவையில். பின்பக்கச் சக்கரம் ஒன்று தரையைவிட்டு எழும்பி அந்தரத்தில் சுற்றியது. அழகுக்காக வண்டியை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். உயர்ந்து நின்ற அளவுக்கு அகலம் இல்லை. "தடுப்பூசிக்கும் ஆவாது, தாய்மாருக்கும் ஆவாது" என்று சொல்லி இறங்கி நடந்தேன். என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார்.

அதன்பின் கிடைத்ததெல்லாம் அதே கதை. ஒன்று காலையில் ஸ்டார்ட் ஆகாது. இன்னொன்றில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற சின்ன கியர் பெயருக்குத்தான் இருந்தது. சேருகிற தேதி நெருங்க நெருங்க அத்தையின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. நான்தான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் பழைய ஜீப் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். தோப்புக்குச் சொந்தக்கார அம்மா வெளியே வந்தார். வண்டி என்ன நிறம் என்று சொல்ல முடியவில்லை. பச்சையாக இருந்திருக்கலாம். பக்கவாட்டுத் தகரம் நெளிந்து, சீட்டிலிருந்து தேங்காய் நார் வெளியே தொங்கியது. என் வீட்டுக்காரர் தொடக்கூட மனமில்லாமல் நின்றார்.

"இது மலைக்கெல்லாம் போயிருக்காம்மா?" என்று கேட்டேன்.

"மலையா? இது மலையே பாத்ததில்லம்மா. தோப்புக்கும் வீட்டுக்கும் மூட்டை ஏத்தறதுதான் இதுக்கு வேலை. மணல்ல சிக்காது, மழையில நிக்காது. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது. சும்மா சொல்லி விக்க வராது எனக்கு."

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று. வண்டியும் பிடித்தது. தாழ்ந்து, அகலமாக, காலைப் பரப்பிக்கொண்டு நின்றது. அவரிடம் கேட்டு, அதைக் கேப்பர் மலைக்கே கொண்டுவந்தோம். அதே பள்ளம், அதே சொம்பு. இந்த முறை ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு முந்திரி மூட்டையையும் ஏற்றி வைக்கச் சொன்னேன். சின்ன கியரைப் போட்டு என் வீட்டுக்காரர் மெதுவாக இறக்கினார். வண்டி ஒரு பக்கம் அமுங்கியது, முனகியது, பிறகு எழுந்து மறுபக்கம் ஏறி நின்றது. சொம்பைப் பார்த்தேன். விளிம்பு நனைந்திருந்தது. புடவை காய்ந்தே இருந்தது.

"எடுத்துடலாம் மாமா" என்றேன். அவர் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே, "இது எதுக்கும் அசராது போல" என்றார். தோப்பில் அதைத் தொடக்கூட மனமில்லாமல் நின்றவர்தான். நான் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதே செம்மண் பள்ளங்களில்தான். இதையும் பெருமையாகவே எழுதிவைக்கிறேன்.

அத்தை சிதம்பரத்தில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, காரை வித்துட்டு இதையா கொண்டாந்தீங்க?" என்றார். எலுமிச்சம்பழம் வைக்க மட்டும் மறக்கவில்லை.

மலையில் எங்கள் வாழ்க்கை அந்த ஜீப்பில்தான் ஓடியது. தடுப்பூசிப் பெட்டி, பிள்ளைத்தாய்ச்சிகள், ரேஷன் மூட்டை, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வாத்தியார், எல்லாம் அதில்தான். என் பொறுப்பில் இருந்த ஊர்களில் பிரசவத்துக்கு இறங்க முடியாமல் ஒரு பெண்ணும் தவித்ததில்லை. மழைக்காலத்தில் வேறு வண்டிகள் அடிவாரத்தில் நிற்கும்போது நாங்கள் மேலே போய்க்கொண்டிருப்போம். அத்தை மட்டும் வரவேமாட்டார். ஒவ்வொரு பொங்கலுக்கும் கூப்பிடுவோம். முட்டி வலி என்பார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் எப்படியோ மனசு மாறி வருகிறேன் என்றார். கள்ளக்குறிச்சி வரை பஸ்ஸில் அழைத்துக்கொண்டு வந்தோம். ஜீப்பை அங்கே தெரிந்தவர் வீட்டில் நிறுத்தியிருந்தோம். வந்த இடத்தில் என் வீட்டுக்காரருக்கு மெட்ராஸ் ஐ. இரண்டு கண்ணும் சிவந்து, தண்ணீர் வழிந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார். "அவனப் பாக்காதடி, ஒட்டிக்கும்" என்று அத்தை திரும்பிக்கொண்டார். என் வீட்டுக்காரரைப் பின்னால் உட்காரவைத்துவிட்டு நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். அத்தைக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. இறங்கிவிடுவார் என்றே நினைத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

முதல் நாள் மழையில் தடத்தின் ஓரம் உடைந்திருந்தது. தார் முடிந்து கொஞ்ச தூரத்தில், அத்தை பக்கத்து முன்சக்கரம் சடாரென்று இறங்கியது. வண்டி அவர் பக்கமாகச் சாய்ந்தது. கீழே மரங்களின் தலை தெரிந்தது. அத்தை கம்பியை விட்டுவிட்டு என் தொடையைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடியிருந்தார். மாமனாரைத்தான் நினைத்திருப்பார். என் கைக்கும் காலுக்கும் வேலை தெரிந்திருந்தது. சின்ன கியரைப் போட்டேன். அவசரப்படவில்லை. வண்டி முனகியது, அமுங்கியது, கேப்பர் மலையில் எழுந்த மாதிரியே எழுந்து தடத்தில் நின்றது.

வெகுநேரம் அத்தை கையை எடுக்கவில்லை. பின்னாலிருந்து கறுப்புக் கண்ணாடிக்காரர், "அம்மா?" என்றார். அத்தை கண்ணைத் திறந்து வெளியே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஓட்டுடி" என்றார்.

பத்து நாள் எங்களோடு மலையில் இருந்தார். தடுப்பூசிக்கு நான் போகும்போதெல்லாம் கூடவே முன் சீட்டில் வந்தார். திரும்பச் சிதம்பரத்தில் கொண்டுபோய் விட்டபோது, பக்கத்து வீட்டு அம்மா வாசலுக்கு வந்து, "எங்க ஆளையே காணும்?" என்று விசாரித்தார்.

"மலைக்குப் போயிருந்தேன்."

"எந்த மலை?"

"எந்த மலைன்னா? எம் மருமவ வண்டி ஓட்டற மலை" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனார்.

நான் கொல்லைப்பக்கம் போய்ப் பாத்திரம் துலக்க உட்கார்ந்தேன். அத்தை வந்து கதவோரம் நின்றார்.

"அந்தக் குண்டானை நல்லா தண்ணி வடியக் கவுத்து வைடி" என்றார்.

கவிழ்த்து வைத்தேன்.