தண்ணீர் லாரி ஓட்டியவன்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் பொன்னாடைகள் குவிந்து கிடக்கின்றன. பட்டு நெய்கிற வீட்டுக்குப் பாலியஸ்டர் பொன்னாடை. குடியரசு தினம், சுதந்திர தினம் என்று வந்தால் யாராவது அண்ணியை மேடையேற்றி ஒன்றைப் போர்த்தி அனுப்புவார்கள். துணைக்குப் போய்ப் போய் எனக்கே அலுத்துவிட்டது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

அண்ணனுக்குத் தறி பிடிக்காது. "குழியில உக்காந்தா காலு மரத்துப்போவுதுப்பா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, வாலாஜாபாத்தில் ரைஸ்மில் லோடு வண்டி ஓட்டப் போனான். பிறகு பட்டாளம். அங்கேயும் டிரைவர்தான். அமைதிப் படையோடு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். முகாமிலிருந்து கிராமங்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுவது அவன் வேலை. வீடியோவில் கூப்பிட்டால் தன் முகத்தைக் காட்டமாட்டான். செம்மண் பாதையில் மஞ்சள் கேன்களோடு வரிசையில் நிற்கும் பெண்களைக் காட்டுவான். "பாரு, இங்கியும் கொழாயடிச் சண்டைதான்" என்று சிரிப்பான். ஒரு மழைநாளில் பாலம் இடிந்து லாரி ஆற்றில் கவிழ்ந்தது. கொடி போர்த்திய பெட்டியில் எங்கள் பிள்ளையார்பாளையத்துக்கு வந்து சேர்ந்தான்.

மேடைப் பேச்சாளர்களுக்கு இது போதவில்லை. ஓராண்டு அவன் எல்லையில் எதிரியை விரட்டினான். மறு ஆண்டு நெஞ்சில் குண்டு வாங்கினான். ஆண்டுக்கு ஆண்டு எதிரிகள் பெருகிக்கொண்டே போனார்கள். அண்ணி தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். நல்ல எண்ணத்தில்தானே பேசுகிறார்கள், விடு என்பாள். திருத்திச் சொல்லவும் தெம்பு வேண்டுமே.

இந்தப் பொங்கல் கழிந்து ஒருநாள், சாப்பிடும்போது அவள் மகள் கேட்டாள்: "அம்மா, அப்பா எத்தினி பேர சுட்டாரு?" அண்ணன் இறந்தபோது அவள் கைக்குழந்தை. மேடையில் கேட்டதுதான் அவளுக்கு அப்பா. அண்ணி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

குடியரசு தினத்துக்கு மகள் படிக்கும் பள்ளியிலேயே கூப்பிட்டிருந்தார்கள். பேச்சாளர் துப்பாக்கிச் சண்டைக்கு வந்ததும் அண்ணி எழுந்து மைக்கை வாங்கினாள்.

"மன்னிச்சிக்குங்க சார். எங்க வூட்டுக்காரரு யாரையும் சுடலீங்க. தண்ணி லாரி ஓட்டிக்கினு இருந்தாரு. ஊருக்குத் தண்ணி எடுத்துக்கினு போறப்போ பாலம் இடிஞ்சி செத்துட்டாரு. அவரு பொண்ணு அதைத் தெரிஞ்சிக்கணும். அவ்ளோதாங்க."

யாரும் கைதட்டவில்லை. பேச்சாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

திரும்பி நடக்கையில் மகள் தலையைக் குனிந்தபடியே வந்தாள். அப்பாவின் வீரம் குறைந்துபோன வருத்தம் என்று நினைத்தேன். தெருமுனைக்கு வந்ததும் அவள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்போ அன்னிக்கு அந்த ஊர்க்காரங்களுக்கு யாரும்மா தண்ணி குடுத்தாங்க?"

இத்தனை மேடைகளில் கலங்காத அண்ணி நடுத்தெருவில் அழுதாள். "தெரியலமா" என்றாள். "உங்கப்பாவும் அதைத்தான் கேட்டிருப்பாரு."