சித்தப்பா போட்ட ஐந்தாண்டுத் திட்டம்

நாட்டுக்கு இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் வந்தபோது எங்கள் வீட்டுக்கு முதலாவது வந்தது. போட்டவர் சித்தப்பா. தாம்பரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. அணை, உரம், இரும்பு என்று பேச ஆரம்பித்தாரானால் தட்டில் சோறு காய்ந்துபோகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய காலண்டர் தாள்களை ஒட்டி, பின்பக்கம் நீலப் பென்சிலால் கட்டம் போட்டு, பெருங்களத்தூர் வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினார்.

இரண்டாம் வருஷம் கிணற்றுக்குப் பம்புசெட்டு, மூன்றாம் வருஷம் மாட்டுக்கொட்டகைக்கு ஓடு. பத்து வயதான எனக்கும் ஒரு துறை கிடைத்தது: கோழி. வாரம் இருபது முட்டை இலக்கு, ஞாயிறுதோறும் ஆய்வு. பெரியவர்களுக்கு நடுவே என் பெயர் சுவரில் ஏறிய சந்தோஷத்தில் அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருந்த அத்தை, சித்தப்பாவின் தங்கை, வந்து நின்று எல்லாக் கட்டத்தையும் படித்தாள்.

"என்னிய எதுலண்ணா போட்டுக்கீற?"

"மொத வருஷத்துலயே. தை மாசம் உனக்குக் கல்யாணம்."

ஆபீஸ் நண்பரின் தம்பிதான் மாப்பிள்ளை.

"என்னிய ஒரு வார்த்தை கேட்டியா?"

"திட்டம்னா ஒவ்வொருத்தரையா கேட்டுக்கினா போடுவாங்க?"

அத்தை அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என்னிடம் இருந்தவை ஆறு கோழிகள். அதில் ஒன்று அந்த வாரம் பார்த்து அடைக்கு உட்கார்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வரை பதினொன்றுதான் தேறியது. நான் அழ ஆரம்பித்ததும், தாம்பரம் சந்தையில் முட்டை வாங்கிவிடலாம் என்று அத்தை காதோடு சொன்னாள். கத்தரி விதை வாங்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, மறுநாள் சித்தப்பா ஆபீசுக்குக் கிளம்பிய பிறகு, அடுத்த ரயிலில் ஏறினோம். இலக்கை எட்டப்போகிறோம் என்று எனக்கு உடம்பெல்லாம் பறந்தது.

சந்தையில் முட்டை வாங்கியதும் அத்தை என்னைப் பச்சைக் கதவு போட்ட ஒரு கட்டடத்துக்கு இழுத்துப்போனாள். வராந்தாவில் வரிசையாகப் பெண்கள். முட்டைக் கூடையின் வைக்கோலுக்கு அடியிலிருந்து ஒரு காகித உறையை எடுத்துக்கொண்டு, "இங்கியே குந்திகினு இரு, வந்துடறேன்" என்று உள்ளே போனாள். நான் பக்கத்திலிருந்த அக்காவிடம் எங்கள் வீட்டுத் திட்டத்தை முழுவதும் விளக்கி முடித்தேன். அத்தை திரும்பி வந்தாள். எனக்கு ஒரு கலர் சோடா வாங்கித் தந்தாள். ரயிலில், முட்டை வாங்கியதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள். ஒரு ரகசியத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டைக் காப்பாற்றினேன்.

ஞாயிறன்று இருபத்திரண்டு முட்டைகளை வரிசையாக அடுக்கினேன். சித்தப்பா என் முதுகில் தட்டி, இலக்கைத் தாண்டிய முதல் துறை என்று அறிவித்தார். கோழிகளை நன்றாகத் தெரிந்த அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு மாதம் கழித்து முத்திரை குத்திய பழுப்பு உறை வந்தது. ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குச் சுகாதாரமும் கைத்தொழிலும் சொல்லித்தரும் சர்க்கார் வேலை, கிராமசேவிகா; அதன் பயிற்சிக்கு அத்தையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். யாரைக் கேட்டு விண்ணப்பம் போட்டாய் என்று அப்பா சத்தம் போட்டார். அத்தை சித்தப்பாவைத்தான் பார்த்தாள்.

"நாட்டுக்கு ஆளு வேணும்னு நீதானண்ணா தெனம் சொல்ற. தாம்பரத்துல இவங்க என்னிய உக்கார வெச்சி கேட்டாங்க. வர்றியான்னு கேட்டுதான் எடுத்துக்கினாங்க."

சித்தப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு, போகட்டும் என்று அப்பாவிடம் சொன்னார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல், முதல் வருஷக் கட்டத்தில் இருந்த கல்யாணத்தை அடித்துவிட்டு, மேலே அத்தையின் வேலையை எழுதினார்.

எனக்குப் பயமாகிவிட்டது. "திட்டம் தோத்துட்ச்சா சித்தப்பா?"

"இல்லம்மா. ஜெயிச்சிட்ச்சி."

அவ்வளவுதான், நான் தெருவுக்கு ஓடினேன். எங்கள் திட்டம் ஜெயித்துவிட்டது என்று ரயில்வே கேட்டு வரைக்கும் வீடு வீடாகச் சொன்னேன். மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோதும் சித்தப்பா அதே இடத்தில் பென்சிலோடு நின்றுகொண்டிருந்தார். ஜெயித்த மனுஷர் ஏன் என் பக்கம் திரும்பவேயில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.