கம்பிக்குள் நுழையாத தேங்காய்

சந்திரகிரிக் கோட்டையை எங்கள் வகுப்பில் பார்த்த ஒரே ஆள் நான்தான் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்போது நான் அதைப் பார்த்திருக்கவில்லை. ஆனால் நான் நாலாம் வகுப்பு லீடர். லீடருக்கு இதெல்லாம் ஒரு தடையா?

சரித்திரச் சின்னம் ஒன்றைப் பற்றி எழுதி, படம் ஒட்டிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டீச்சர். மற்ற பிள்ளைகள் எல்லோரும் திருமலைக் கோயிலைச் சொன்னார்கள். நான் மட்டும் எழுந்து நின்று, சந்திரகிரி ராஜ மஹால் என்றேன். போயிருக்கிறாயா என்று டீச்சர் தெலுங்கில் கேட்டார். போயிருக்கிறேன் என்று நானும் தெலுங்கிலேயே புளுகினேன். அப்படியானால் அங்கே நீ நிற்கிற போட்டோ ஒன்று திங்கட்கிழமை கொண்டு வா என்று சொல்லிவிட்டார். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் அழ ஆரம்பித்தேன்.

எங்கள் ஊர் நகரி. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பவர்லூம். ஞாயிற்றுக்கிழமைக்கு அங்கே பெரிய மரியாதை எதுவும் கிடையாது. எங்களுக்கு விடுமுறை என்றால் அது கரெண்ட் ஆபீஸ் பார்த்துக் கொடுப்பதுதான். அந்த வருஷம் வாரத்துக்கு ஒரு நாள் பவர் ஹாலிடே விட்டிருந்தார்கள். எங்கள் லைனுக்கு வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளிக்கிழமை என்னைப் பள்ளிக்கு மட்டம் போடச் சொல்லி, தனியாகக் கார் வைத்துக்கொண்டு கோட்டைக்குப் போகலாம் என்று அம்மாவே சொன்னாள். காய்ச்சல் வந்தால்கூடப் பள்ளிக்கு விரட்டுகிறவள் அவள். நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். என் அழுகைக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு பெரியப்பா இருந்தார். இது எனக்குத் தெரியாது.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது, தறிக் கொட்டகையின் நடுவில் சுவர் எழுப்புவதா வேண்டாமா என்று நைனாவுக்கும், அதாவது என் அப்பாவுக்கும், அவருக்கும் பேச்சு முற்றியிருக்கிறது. இரண்டு பேரும் கற்பூரத்தைக் கொளுத்தி, கையால் அடித்து அணைத்து, இனி ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டார்கள். பெரியப்பா பெரியம்மாவின் ஊரான சந்திரகிரிக்குப் போய், கோட்டையில் வாட்ச்மேன் வேலையில் சேர்ந்தார். அந்தச் சுவரை இன்றுவரை யாரும் எழுப்பவில்லை. ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டில் அவர் பேச்சையே யாரும் எடுத்ததில்லை. அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் அவ்வப்போது போனில் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். தறிகள் ஓடுகிற சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி மூன்று வாரம்தான் இருந்தது. பத்திரிகைகள் அச்சாகி, கட்டுப் பிரிக்காமல் பீரோ மேல் இருந்தன. முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைத்தாகிவிட்டது. அடுத்தது குடும்பத்தில் மூத்தவருக்குத் தாம்பூலத்தோடு நேரில் வைக்க வேண்டும். அவருக்கு வைக்காமல் மற்றவர்களுக்குக் கொடுக்க முடியாது. மாப்பிள்ளை வீட்டாரும், "பொண்ணுக்குப் பெரியப்பா ஒர்த்தரு இருக்காராமே, அவரு வருவாரில்ல?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். அவர் வராத மணவறையில் என்ன பதில் சொல்வது என்பதுதான் அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டின் கவலை. எங்கள் டீச்சருக்கு ஒரு பத்திரிகை கொடு என்று நான் நச்சரித்தபோது, பெரியவங்களுக்கு இன்னும் வைக்கவில்லை என்றாள் அம்மா. எந்தப் பெரியவங்க என்று நான் கேட்கவில்லை. எனக்கு என் போட்டோதான் முக்கியம்.

வியாழக்கிழமை நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது நைனாவும் அம்மாவும் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது.

"அவரு வாசல மிதிக்க மாட்டேன்னு கற்பூரம் அணச்சிகிறேன். மறந்துட்டியா?" என்றார் நைனா.

"கோட்ட வாசலு அவரு வாசலா? அது கவர்மெண்டு வாசலு தானே?" என்றாள் அம்மா.

நைனா எழுந்து போய்க் கரை வேட்டியைத் தேட ஆரம்பித்தார். என் ப்ராஜெக்டுக்காகத்தான் இவ்வளவு ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று எண்ணி, கோட்டை வாசல் அரசாங்கத்துக்குச் சொந்தமானது என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு வாசலில் சுமோ வந்து நின்றது. அக்காவை அத்தையோடு வீட்டில் விட்டுவிட்டு, நைனா, அம்மா, நான், மூன்றே பேர் அத்தனை பெரிய வண்டியில் ஏறினோம். நைனா கரை வேட்டி கட்டியிருந்தார். அம்மா பட்டுப்புடவை. மடியில் ஒரு கூடை வைத்திருந்தாள். அதில் தக்காளி சோறு இருக்கும் என்று கை விட்டேன். பட்டென்று ஒரு அடி விழுந்தது.

புத்தூர் தாண்டியதும் டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "ண்ணா, கோட்ட தொறக்க இன்னும் எம்மா நேரம் கீது. இப்பவே போயி இன்னா பண்ணப் போறீங்கோ?"

"வெய்யிலுக்கு முன்னாடி பாத்துடலாம்னு" என்றார் நைனா.

"ராஜா இருந்த காலத்துலகூட இம்மா சீக்கிரம் யாரும் வந்திருக்க மாட்டாங்கோ" என்று சொல்லிவிட்டு டிரைவர் தன் பாட்டுக்கு ஓட்டினார். ஏழு மணிக்குள் பத்திரிகை வைத்துவிட வேண்டும் என்று ஜோசியர் நேரம் குறித்துக் கொடுத்திருந்தது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாராயணவனம் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, பெருமாள் கல்யாணம் செய்துகொண்ட ஊர் என்று அம்மா இருட்டிலேயே கும்பிட்டாள். நைனா கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கழற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

சந்திரகிரி போய்ச் சேர்ந்தபோது மணி ஆறேகால். பாறையும் பாறையுமாக ஒரு மலை. அதன் அடியில் புல்வெளிக்கு அப்பால் ராஜ மஹால், மூன்று மாடி, இளவெயிலில் சும்மா நின்றுகொண்டிருந்தது. நடுவில் ஒரு பெரிய இரும்புக் கேட். அதில் பூட்டு. பக்கத்தில் இருந்த பலகையை நான்தான் சத்தமாகப் படித்தேன். வெள்ளிக்கிழமை விடுமுறை என்று தெலுங்கில் எழுதியிருந்தது.

"அடடா, லீவா?" என்றாள் அம்மா. நான் படித்து முடிப்பதற்குள்ளாகவே சொல்லிவிட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

கேட்டுக்கு உள்ளே வாட்ச்மேன் ஒருவர் நடந்துகொண்டிருந்தார். மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை, புதிதாகச் சவரம் செய்த முகம், நெற்றியில் விபூதி. அவர்தான் பெரியப்பா. நாங்கள் வருவது பெரியம்மா மூலம் அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் கேட்டுப் பக்கம் திரும்பவில்லை. நைனா வேப்பமரத்தடியில் நின்று, தனக்குப் படிக்கத் தெரியாத ஒரு தெலுங்கு போர்டை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் பேசுகிறவர் தோற்றவர் என்று இரண்டு பேரும் மனதுக்குள் முடிவு செய்திருக்க வேண்டும். நடுவில் இருபது தப்படிதான் இருக்கும்.

"போங்களேன். மணி ஆவுதில்ல" என்றாள் அம்மா.

"போறேன் இரு" என்றார் நைனா. போகவில்லை.

இப்படியே ஆறரை ஆகி, ஆறே முக்கால் ஆயிற்று. அம்மாவின் முகம் சுண்டிப்போனது. எனக்கும் அழுகை வந்தது. திங்கட்கிழமை டீச்சர் முன்னால் நான் நிற்கப்போகும் கோலம் கண்ணில் தெரிந்தது. இவர்களை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று முடிவு செய்து, ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

யூனிஃபார்ம் போட்டவரிடம் தெலுங்கில்தான் பேச வேண்டும் என்பது என் சட்டம். "சார், ஒக்கசாரி கேட் தீயண்டி" என்றேன். ஒரே ஒரு தடவை கேட்டைத் திறங்கள் என்று.

அவர் நின்றார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, எங்கள் வீட்டில் பேசுகிற அதே தமிழில் கேட்டார். "நீ யார் ஊட்டுப் பொண்ணு?"

ஆஜர் சொல்கிற மாதிரி என் பெயர், வகுப்பு, பள்ளி, நைனா பெயர், தெருப் பெயர் எல்லாம் ஒப்பித்தேன். லீடர் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

"இம்மா பெரிசா ஆயிட்டியா?" என்றார். அது எனக்குச் சம்பந்தமில்லாத கேள்வியாகப் பட்டது.

"கேட் தொறங்க."

"சாவி ஆபீஸ்ல கீதும்மா. டூட்டில கீற வரைக்கும் நானே வெளிய வர முடியாது."

பெரியவர்களிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் எதையாவது கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் கொடுக்க இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"எங்க அக்காவுக்குக் கல்யாணம். கேட் தொறந்து வுட்டீங்கன்னா நீங்களும் வரலாம். வடை, பாயசம் எல்லாம் உண்டு. எவ்ளோ வேணும்னாலும் துன்னலாம்."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சிரிக்கிறாரா, இருமுகிறாரா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "கேட்டு தொறக்காட்டி வரக்கூடாதா?"

"கூடாது" என்றேன் கண்டிப்பாக.

எனக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டு யாரோ வேகமாக நடந்து வரும் சத்தம் கேட்டது. நைனாதான். வந்து என் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் என் தலையையே பார்த்தார்கள்.

"தறி ஓடுதா?" என்று கேட்டார் வாட்ச்மேன்.

"இன்னிக்கி பவர் ஹாலிடேண்ணா" என்றார் நைனா.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவர்கள் முதலில் பேசிக்கொண்டது இவ்வளவுதான். கேட்டைத் திறப்பது பற்றி நைனா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று எனக்குக் கோபமாக வந்தது.

அம்மா ஓடிவந்து கூடையைத் திறந்தாள். உள்ளே தக்காளி சோறு இல்லை. தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் தடவிய தேங்காய், மேலே பத்திரிகை. தாம்பாளம் கம்பிக்குள் நுழையாது என்பது பார்த்ததுமே தெரிந்தது. அதனால் ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். பத்திரிகை போயிற்று. வெற்றிலை பாக்கு போயிற்று. வாழைப்பழத்தைச் சீப்பிலிருந்து பிய்த்துக் கொடுத்தார்கள். தேங்காய் மட்டும் போகவில்லை. நைனா நெட்டுக்குத்தாகப் பிடித்துப் பார்த்தார், படுக்கவைத்துப் பார்த்தார், குடுமியை அழுத்திப் பார்த்தார். மறுபக்கத்திலிருந்து வாட்ச்மேன் இழுத்துப் பார்த்தார். கேட்டுக்கு மேலே ஈட்டி மாதிரி கூர்க் கம்பிகள். மங்கலப் பொருளைத் தூக்கி எறியவும் முடியாது. ஒரே தேங்காயின் மேல் இரண்டு பேரின் கைகளும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. உள்ளே போகாது என்று தெரிந்த பிறகும் எதற்கு இத்தனை நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இது நொழையாதுடா" என்றார் அவர் கடைசியில். "நீயே வெச்சிக்க. கல்யாணத்துக்கு வந்து வாங்கிக்கிறேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் ப்ராஜெக்ட் கெட்டுப்போனதற்கு வீட்டில் ஒருத்தியாவது வருத்தப்படுகிறாளே என்று ஆறுதலாக இருந்தது. டிரைவர் என்னைக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, நைனாவின் போனில் ஒரு போட்டோ எடுத்தார். அதில் ராஜ மஹால் கம்பிகளுக்குப் பின்னால் கொஞ்சம் போல் தெரிந்தது. உள்ளே போகவில்லையா என்று திங்கட்கிழமை டீச்சர் கேட்டார். கோட்டை என்றால் எதிரி வராமல் பூட்டித்தான் வைத்திருப்பார்கள் என்று பதில் சொன்னேன்.

கல்யாணம் மண்டபத்தில் நடந்தது. வீட்டு வாசலில் பந்தல் போடலாம் என்று அத்தை சொன்னதற்கு அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. மண்டபம் என்றால் யாருடைய வாசலும் இல்லை, யார் சத்தியத்துக்கும் பழுதில்லை. வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்கும் வேலை எனக்கு. லீடர் அல்லவா, வாசற்படியின் நடுவில் நின்றுகொண்டேன்.

வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் மனைவியோடு படியேறி வந்தார். காக்கி இல்லாததால் ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் இரண்டு கையையும் விரித்து மறித்தேன்.

"நீங்கதான் கேட் தொறக்கலியே. ஏன் வந்தீங்க?"

அவர் படியில் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். சத்தியமாக எடுத்துக்கொண்டார். யாருடைய வாசலும் இல்லாத மண்டபத்தை நான் ஒரு வாசலாக்கிவிட்டேன். பெரியம்மாவின் முகம் வெளுத்தது.

அவர் சட்டைப்பையில் கை விட்டு ஒரு அட்டையை எடுத்தார். கோட்டையில் டிக்கெட் கவுண்டரில் விற்கிற ராஜ மஹால் படம். கம்பி இல்லாமல், வானத்தோடு, முழுசாக.

"தொறக்க முடியல. அதுக்குப் பதிலா இது. உள்ள வரலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் படத்தை வாங்கினேன். முன்பக்கம் பார்த்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். அவசரப்படவில்லை. தலையைத் தூக்கினால், நைனா அந்தத் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நிற்கிறார். அவருக்குப் பின்னால் அம்மா, அத்தை, மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் நிற்கிறார்கள். என்னை இழுத்து நகர்த்தக்கூட ஒருவருக்கும் கை வரவில்லை.

"சரி, வாங்க" என்று ஒதுங்கிக்கொண்டு பன்னீர் தெளித்தேன். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது ஒரு லீடருக்குக் கொடுத்த மரியாதை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.