இருட்ட மறுத்த பூட்டு

எக்ஸ்ரேக்காரர் வீட்டில் ஒரு வெங்காயத்தைச் சிறை வைத்திருப்பதாகக் குடியிருப்பு முழுக்கப் பேச்சு. கிளப்பிவிட்டவர் இஸ்திரிக்காரர். விசாரித்துப் பார்த்ததில் அது பாதி உண்மை. உள்ளே ஒரு இரும்புப் பூட்டும் கண்ணாடி டம்ளரும்கூட இருந்தன.

மூன்றையும் சாப்பாட்டு மேசையில் வைத்து, பக்கத்தில் விளக்கைச் சாய்த்து, கிரேயானால் வரைந்துகொண்டிருந்தார் மனிதர். மாலை ஓவிய வகுப்பு ஆசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: ஒளியும் நிழலும் சரியாக வந்தால் முகம் வரையும் வகுப்புக்குப் போகலாம்; இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. ஏற்கெனவே ஒருமுறை முதலிலிருந்து வந்தவர் இவர். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் மூக்கு வரையப் போய்விட்டார்கள்.

"ஏங்க, வெங்காயத்தையாவது கொடுங்க. எண்ணெய் காயுது," என்றாள் மனைவி.

"தொடாத! நிழல் நகர்ந்துடும்."

"அது நகராது. நான்தான் நகரணும் போல, எங்கம்மா வீட்டுக்கு."

சோபாவில் கிடந்த அவள் தம்பி எட்டிப் பார்த்தான். "மாமா, பூட்டுக்குள்ள பல்பு போட்டிருக்கீங்களா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தாளில் பூட்டு வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தது. விழுங்கிய காசோ, எலும்பில் அடித்த ஆணியோ, ஆஸ்பத்திரிப் படத்தில் உலோகம் என்றால் வெள்ளை. காற்று என்றால் கறுப்பு. கண் பூட்டைப் பார்த்திருக்கிறது. கை அது பாட்டுக்கு எக்ஸ்ரே டியூட்டிக்குப் போய்விட்டது.

மேலே கறுப்பைப் பூசினால் போயிற்று என்று தேய்த்தார். அடியில் அப்பியிருந்த வெள்ளை மெழுகில் கறுப்பு வழுக்கியது. அழுத்தினார், கிரேயான் ஒடிந்தது. நகத்தால் சுரண்டினார், தாள் பிய்ந்தது.

"இதுக்கு மனுஷ முதுகெலும்பு எவ்வளவோ தேவலை. அசையாதேன்னா அசையாது," என்று பல்லைக் கடித்தார்.

மறுநாள் வகுப்பில் ஆசிரியை தாளைக் கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார்.

"வெங்காயம் பிரமாதம் சார். டம்ளரும் பரவாயில்லை. ஆனா இந்தப் பூட்டு..."

"எலும்பு முறிவு எதுவும் இல்லை மேடம்."

ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, ஆரம்ப வகுப்பின் முன்வரிசை நாற்காலியைக் காட்டினார்.

வெளியே வரும்போது வாசலில் மடக்கினார், முகம் வரையும் வகுப்புக்குத் தேறிவிட்ட தபால்கார அக்கா. தன்னுடைய வெள்ளைக் கிரேயான் தீர்ந்ததும் இவர் கடன் கேட்டுக் கை நீட்டியது அந்த அக்காவிடம்தான்.

"சார், என் வெள்ளை எங்க? மூக்கு நுனிக்கு வேணும்."

பையைத் துழாவியதில் மிளகளவு ஒரு துண்டு அகப்பட்டது. "வாங்கித் தந்துடறேன்க்கா."

கடையில் வெள்ளையை மட்டும் தனியாக விற்பதில்லையாம். முழுப் பெட்டி வாங்கினால் வீட்டில் பதில் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் அவர் வகுப்புக்குப் பின்வாசல் வழியாக வருகிறார்.