ஏற்காட்டு ஏரியில் நான் கண்டெடுத்த கப்பல்

மலையில் பிறந்துவிட்டு, கடலடியில் மூழ்கிய கப்பல்களைப் பற்றிப் படிக்கப் போனேன். கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்த அத்தாவுக்கு, அது என்ன படிப்பு என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே வாய் வலித்தது. கடைசி வருஷம், கடலுக்குப் போகும் குழுவில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. மூழ்கிய படகு ஏதாவது ஒன்றை அளந்து, வரைந்து, நல்ல அறிக்கை தருகிறவர்களுக்கு அந்த இடம் என்றார் பேராசிரியர். அது வேறு யாருக்காவது போனால் எனக்குச் சோறு இறங்காது.

லீவுக்கு ஊர் வந்தேன். ஏரிக்கரை ஓரமாக, இடுப்பளவு தண்ணீரில், ஒரு மரப்படகு மூழ்கிக் கிடந்தது. மூன்று நாள் குளிரில் நடுங்கிக்கொண்டே அளந்தேன். உள்ளே கருங்கற்கள் வரிசையாக இருந்தன. கப்பல் ஆடாமலிருக்க அடியில் கல் ஏற்றுவார்கள் என்று படித்திருந்தேன். விடுவேனா? பாரம் கூடிப்போய்ச் சூறைக்காற்றில் மூழ்கியது என்று எழுதினேன். பலகையில் பாசியே இல்லாதது கொஞ்சம் உறுத்தியது. ஏரித் தண்ணீர் குளிர்ச்சி, அதனால் பிடிக்கவில்லை என்று அதையும் சமாளித்தேன்.

அறிக்கை பிடித்துப்போய், பேராசிரியர் நேரில் பார்க்கவே சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். படகு கிடந்த இடத்தில் வெறும் தண்ணீர். சற்றுத் தள்ளி, புதுமணத் தம்பதி ஒன்று அதே படகில் சவாரி போய்க்கொண்டிருந்தது.

“நாந்தானுங்க கல்லு வெச்சு முழுக உட்டேன்,” என்றார் கரையில் நின்ற படகுக்காரர். “கரையில காஞ்சு பலகை சுருங்கிப் போச்சுங்க. பத்து நாளு ஊறுனா உப்பி, இடுக்கெல்லாம் அடைச்சுக்குமுங்க. சீசனுக்கு முந்தி எல்லா வருசமும் இப்படித்தானுங்க.”

எனக்கு ஏரியில் விழுந்துவிடலாம் போலிருந்தது.

“நீ அளந்தபோது இவர் எங்கே இருந்தார்?” என்று பேராசிரியர் என்னைக் கேட்டார்.

“கூடத்தான் சார். டேப்போட மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டிருந்தார்.”

“மூணு நாளுமா?”

“ஆமா சார்.”

படகுக்காரருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. “பாப்பா ஒண்ணும் கேக்கலீங்க, நானும் சொல்லலீங்க. ஆனா அளவெல்லாம் நொம்பக் கரெக்டுங்க.”

அளவுகளுக்காக அந்த இடம் எனக்குத்தான் கிடைத்தது. கடலில் ஒரு மாதம் முழுக்க மற்றவர்கள் அளந்தார்கள். நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்தேன்.