கத்தரிக்காய் நிறத்தில் ஒரு சதுரம்

கல்முனையில் அதாவுல்லாவைத் தெரியாத தேநீர்க்கடை இல்லை. அவர் வேலை செய்து பார்த்தவர்களைத்தான் தேட வேண்டும். கட்டாருக்குப் போனார், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பினார். போன் கடை வைத்தார். வாங்க வருபவர்களுக்கு மரியாதை தெரியவில்லை என்று அதையும் மூடினார். இப்போது அவரிடம் மிஞ்சியிருப்பவை அபிப்பிராயங்கள் மட்டுமே.

குடியிருப்பது மனைவி ஹிமாயாவின் வீட்டில். அவளுடைய வாப்பா நற்பிட்டிமுனை வயலை விற்றுக் கட்டி, கலியாணத்துக்கு முன்பே மகள் பெயரில் எழுதிக் கொடுத்த வீடு அது. அடுப்பு எரிவது அவள் முன்னறையில் தைக்கும் அபாயாக்களால். ஐயோ, அந்தக் கண்கள் என்ன பாவம் செய்தன! கறுப்புத் துணி, கறுப்பு நூல், விடிந்தது முதல் அந்தி மஃரிப் தொழுகை வரை.

அந்த அறைக்கு வர்ணம் பூச அவள்தான் ஆள் பிடித்தாள். நிறம் சொல்ல மட்டும் அதாவுல்லா முன்னால் வந்து நின்றார். அவள் கேட்டது பால் நிறம். அவருக்கோ கடும் கத்தரிக்காய் நிறம். பெயின்டர் ஸஜாத் இரண்டையும் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் சதுரமாகப் பூசிக் காட்டினான்.

"பால் கலர் ஆஸ்பத்திரி மாதிரி புள்ள. பொத்துவில்ல வெள்ளைக்காரன் தங்குற ஹோட்டல்ல இந்தக் கத்தரிக்காய்க் கலர்தான். வாற ஆக்கள் வாயப் பொளக்கணும்."

தீர்ப்புச் சொல்லக் கூட்டாளிகளையும் கூட்டி வந்திருந்தார். ஹிமாயா ஊற்றிய தேநீரைக் குடித்துவிட்டு அவர்கள் கத்தரிக்காய்க்கே தலையாட்டினார்கள்.

"ஓம், வடிவாத்தான் இரிக்கி," என்ற ஹிமாயா, ஊசியையும் கறுப்பு நூலையும் அவரிடம் நீட்டினாள். "அந்தக் கலரப் பாத்து இதக் கோத்துத் தாங்க. பூசச் சொல்றன்."

அதாவுல்லா நூலை நக்கினார். ஊசியைக் கத்தரிக்காய்ச் சதுரத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடினார். ஊசியின் காதும் நூலின் நுனியும் அந்த இருட்டில் கரைந்துபோயின.

"மச்சான், கட்டார்லயும் இப்பிடித்தானா வேல தேடின?" என்றான் ஒரு கூட்டாளி. எல்லோரும் சிரித்தார்கள்.

அதாவுல்லா ஊசியை வீசினார். "இந்த ஊட்டுல என்ட சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லையா?"

ஹிமாயா ஊசியைப் பொறுக்கி, பால் நிறச் சதுரத்துக்கு நேரே பிடித்து, ஒரே தடவையில் நூலைக் கோத்தாள். ஆண்டுக்கணக்காக அடக்கிய கண்ணீர் அப்போதும் வெளியே வரவில்லை.

"மதிப்பு இல்லாம என்ன? ஸஜாத் தம்பி, அறை முழுக்கப் பால் கலரப் பூசுங்க. அவர்ர சதுரத்த மட்டும் அப்பிடியே விடுங்க. அது அவர்ர பங்கு."

தலையணை அளவில் அது இன்றும் இருக்கிறது. அதன் கீழே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வரும் உறவினர்களிடம் அதாவுல்லா சொல்கிறார்: "இந்த அறைக்கிக் கலர் பாத்தது நான்தான்."